கடலுக்கடியில் செலுத்திய வாயு மேலே வருமா?

கேள்வி:



நான் பேர்கனில் நீண்ட காலமாக வசிக்கிறேன். பிறந்த ஊர் சுன்னாகத்துக்குப் பக்கம். இங்கிருந்து வடமேற்கே ஓய்கார்டன் என்ற இடத்தில், சீமெந்துத் தொழிற்சாலையில் பிடித்த காபனீரொட்சைட்டைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, குழாய் வழியாகக் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கிவிட்டார்கள். மகன் பாடசாலைக்காக அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறான். "பாறைக்குள்ள குகை இருக்கா அம்மா?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பயம் வேறு. ஊரில் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, வீட்டுக்கு வீடு கிணற்றுத் தண்ணீரில் மிதந்ததைக் கண்டவர்கள் எங்கள் சொந்தக்காரர். நிலத்துக்குள் விட்டது விட்ட இடத்தில் நிற்காது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாடம். எந்தப் பாறை தாங்கும், எது தாங்காது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒருநாள் மொத்தமாக வெளியே கிளம்பினால் என்ன ஆகும்? இலங்கையிலும் இதைச் செய்யலாமா?

– ஒரு வாசகி, பேர்கன், நோர்வே

பதில்:



உங்கள் பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. சுன்னாகத்தில் எண்ணெய் அப்படிப் பரவியதற்கு அங்குள்ள கல்லும் ஒரு காரணம். அந்தக் கல்லில் என்னென்ன குறைகள் உண்டோ, அவை வடகடலின் கல்லில் உண்டா என்று பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் காலங்காலமாகக் கரைத்து வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்கிவிட்டது. நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து உண்டான குழிதான். இந்தக் கல்லில் தண்ணீர் ஊறி வடிவதைவிட வெடிப்பு வழியே ஓடுவதுதான் அதிகம். மேலே கொஞ்சம் செம்மண். அதைத் தவிர மூடி எதுவும் இல்லை. குடிக்கும் நன்னீர் மெல்லிய படையாக உவர்நீரின் மேல் மிதக்கிறது. மேற்பரப்பில் சிந்திய எண்ணெய் அயல்வீட்டுக் கிணற்றில் தலைகாட்ட இவ்வளவும் போதும். காபனீரொட்சைட்டுக்கு இடம் தேடும் புவியியலாளர் இந்தப் பாறையை முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார். ஆழமில்லை, மூடியில்லை, வெடிப்பு உண்டு, பக்கத்திலேயே குடிநீரும் உண்டு.

இனி மகனின் கேள்வி. குகை இல்லை. அங்கே இருப்பது மணற்கல். கடற்கரை மணலும் ஆற்று மணலும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்து, இறுகிக் கல்லானது. கையில் எடுத்தால் வெறும் கல்தான். ஒரு சொட்டு நீரை விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். மணிக்கும் மணிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நிலத்தின் ஆழத்தில் அவற்றில் கடல்நீரைவிட உப்பான நீர் நிறைந்திருக்கும். காபனீரொட்சைட்டு அந்த நீரை ஒதுக்கிக்கொண்டு துளைகளுக்குள் நுழைகிறது. எனவே இரண்டு கேள்விகள் எழுகின்றன. கல்லின் கனவளவில் துளை எவ்வளவு? அந்தத் துளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு நன்றாகத் தொடுத்திருக்கின்றன? துளை நிறைய இருந்தும் தொடர்பில்லாத கல் பயன்படாது. ஆழத்திலிருந்து உருளையாக வெட்டி எடுத்த கல்லை ஆய்வுகூடத்தில் வைத்து, அதனூடாகத் திரவத்தைத் தள்ளிப் பார்த்து இவற்றை அளக்கிறார்கள்.

ஆழத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 31 பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 74 பார் அமுக்கத்துக்கும் மேல் போனால் காபனீரொட்சைட்டு வாயுவைப் போலப் பரவும், ஆனால் திரவத்துக்குக் கிட்டிய அடர்த்தியில் இருக்கும். நிலத்தடியில் பொதுவாக 800 மீற்றரைத் தாண்டினால் இந்த நிலை கிடைக்கும். மேற்பரப்பில் 500 கனமீற்றருக்கு மேல் இடம்பிடிக்கும் ஒரு தொன் வாயு, அங்கே ஒன்றரைக் கனமீற்றர் அளவுக்கு ஒடுங்கிவிடும். ஆழம் குறைந்த இடங்களை யாரும் தேடாததற்கு முதற்காரணம் இதுதான். உங்கள் பக்கத்தில் செலுத்துவது கடலடித்தரைக்குக் கீழே ஏறத்தாழ 2,600 மீற்றரில்.

ஒடுங்கினாலும் அது உப்புநீரைவிட இலேசானது. ஆகவே மேலே எழப் பார்க்கும். அதைத் தடுப்பது மணற்கல்லுக்கு மேலே கிடக்கும் களிப்பாறை. அதை மூடுபாறை என்போம். ஓய்கார்டனுக்கு மேற்கே இந்த வேலையைச் செய்வது டிரேக் என்ற களிப்பாறைப் படை. இதிலும் துளைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை மிக மிக நுண்ணியவை. அவற்றில் ஏற்கெனவே பிடித்திருக்கும் நீரை வெளியே தள்ளிக்கொண்டு காபனீரொட்சைட்டு நுழைய வேண்டுமானால் பெரிய அமுக்கம் தேவை. எவ்வளவு அமுக்கம் என்பதையும் மாதிரிக் கல்லில் அளக்கலாம். இன்னொரு சோதனை, ஆழத்துக்குத் துளைத்த கிணற்றுக்குள்ளேயே நடக்கும்: திரவத்தைச் செலுத்தி, அமுக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பாறை எந்த இடத்தில் வெடிக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். பிறகு செலுத்தும் அமுக்கம் அந்த எல்லையை நெருங்கவே கூடாது. இப்படி ஒரு மூடி காலத்தைத் தாங்குமா என்ற சந்தேகத்துக்கு இயற்கையே விடை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் பிராவோ டோம் என்ற இடத்தில் எரிமலைக் குழம்பிலிருந்து வந்த காபனீரொட்சைட்டு ஒரு மில்லியன் ஆண்டுகளுக்கு மேலாக நிலத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

இதுவரை சொன்னது ஆய்வுகூடத்துப் பாடம். இது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் நாட்டுக் கடலிலேயே இரண்டு இடங்களில் நடந்தவற்றைச் சொல்கிறேன்; மகனின் கட்டுரைக்கும் உதவும்.

முதலாவது வடகடலில் உள்ள ஸ்லைப்னர். அங்கே எடுக்கும் இயற்கை வாயுவில் ஏறத்தாழ 9 வீதம் காபனீரொட்சைட்டு கலந்திருந்தது. விற்க வேண்டுமானால் அதை 2.5 வீதமாகக் குறைக்க வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டிருக்கலாம். ஆனால் 1991இல் நோர்வே அரசு கடல் எண்ணெய், வாயுத் தொழிலின் காபனீரொட்சைட்டுக்கு வரி போட்டிருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் இந்தத் திட்டமே பிறந்திராது என்பது என் உறுதியான எண்ணம். அப்போது ஸ்டாட்ஒயில் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஈக்வினோர் நிறுவனம் 1996இல் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு மில்லியன் தொன்னுக்குச் சற்றுக் குறைவாக உட்சிரா என்ற மணற்கல்லுக்குள் செலுத்திவந்தது. உட்சிரா கிடைத்தற்கரிய கல். கனவளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளை. அந்த இடத்தில் தடிப்பு 200 மீற்றருக்கும் மேல்.

கப்பலிலிருந்து ஒலியலையை அனுப்பி, பாறைப் படைகளில் பட்டுத் திரும்புவதைப் பதிந்து, நிலத்தடியைப் படமாக்கும் முறை ஒன்று உண்டு. ஸ்லைப்னரில் செலுத்துவதற்கு முன்பே, 1994இல், அப்படி ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள். 1999இல் மறுபடியும் எடுத்தார்கள். காபனீரொட்சைட்டு நிறைந்த மணற்கல்லில் ஒலி மெதுவாகச் செல்லும்; அதனால் அது படத்தில் பளிச்சென்று தெரியும். கண்டது என்ன? ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்பது தட்டுகள்! மணற்கல்லுக்கு நடுவே ஒரு மீற்றர் அளவே தடிப்பான களிப்படைகள் இருந்தன. வாயு ஒவ்வொன்றின் கீழும் தேங்கிப் பரந்து, ஏதோ ஒரு வழி கண்டுபிடித்து அடுத்ததற்கு ஏறி, மூன்றே ஆண்டுகளில் உச்சித் தட்டை எட்டிவிட்டிருந்தது. அவ்வளவு சீக்கிரம் எட்டும் என்று யாரும் கணிக்கவில்லை. உலகத்திலேயே மிக நல்லது என்று சொல்லத்தக்க ஒரு பாறை இது. இதற்குள்ளேயே வாயு எந்த வழியாகப் போகும் என்பது செலுத்திய பிறகுதான் தெரிந்தது. மூடுபாறையோ அதை நிறுத்திவிட்டது. அதைத் தாண்டிப் போனதற்கான அடையாளம் பிறகு எடுத்த படங்களில் தெரியவில்லை.

இரண்டாவது ஸ்னோவீட். பேரன்ட்ஸ் கடலில் இருக்கிறது. கரையில் இருக்கும் ஊர் ஹம்மர்ஃபெஸ்ட். ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன நம்மவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். அங்கே 2008இல் டூபோன் என்ற மணற்கல்லுக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். கிணறு தோண்டிப் பார்த்தாயிற்று, மாதிரி எடுத்தாயிற்று, துளைகளும் திருப்தி. ஆனால் செலுத்தத் தொடங்கியதும் அமுக்கம் ஏறிக்கொண்டே போனது. முதலில் கிணற்றடியில் உப்புப் படிந்து வழியை அடைத்தது. அதை இரசாயனக் கரைசல் விட்டுச் சரிசெய்தார்கள். அதன் பிறகும் ஏற்றம் நிற்கவில்லை. செலுத்துவதை நிறுத்தும் இடைவேளைகளில் அமுக்கம் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்தபோது விஷயம் விளங்கியது. டூபோன் ஒரு காலத்தில் ஆறுகளும் கழிமுகங்களும் படியவிட்ட மணல். ஆற்று வாய்க்கால் இருந்த இடத்தில் நல்ல மணற்கல், அதைச் சுற்றிலும் சேறு இறுகிய களி. வரம்பு உயர்த்திக் கட்டிய ஒரு வயலுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டது போல, உள்ளே போனது அடுத்த வயலுக்குப் போக வழியில்லாமல் உயர்ந்துகொண்டே வந்தது. கிணற்றில் எடுத்த மாதிரி அந்த வயலின் மண்ணைப் பற்றித்தான் சொன்னது. வரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை எந்த மாதிரியாலும் சொல்ல முடியாது.

பாறை வெடிக்கும் எல்லையை அமுக்கம் எட்டும் முன்பே, 2011இல், டூபோனைக் கைவிட்டார்கள். அதுவரை செலுத்தியது ஒரு மில்லியன் தொன்னைச் சற்றுத் தாண்டியிருந்தது. அதே கிணற்றில் சற்று மேலே உள்ள ஸ்டோ என்ற மணற்கல்லுக்கு மாறினார்கள். மாற்றிடம் ஒன்று கைவசம் இருந்தது, அமுக்கத்தை அளந்துகொண்டேயிருந்தார்கள், எல்லை வருமுன் நிறுத்தினார்கள். ஸ்னோவீட்டை நான் தோல்வி என்று சொல்வதில்லை. ஆனால், ஒரு நாட்டின் நிலத்தடியில் இத்தனை ஆயிரம் கோடித் தொன் கொள்ளும் என்று படம் போட்டுக் காட்டுகிறவர்கள் இந்தக் கதையைத் தவறாமல் படிக்க வேண்டும். அந்தப் பெரிய எண்களைப் பரப்பளவு, தடிப்பு, துளை வீதம், அடர்த்தி ஆகியவற்றைப் பெருக்கி எடுக்கிறார்கள். பிறகு, துளையில் எத்தனை பங்கு உண்மையில் நிரம்பும் என்று ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். உப்புநீர்ப் பாறைகளுக்கு அது வழக்கமாக 1 முதல் 4 வீதம்! ஒன்றுக்கும் நாலுக்கும் இடையில் விடை நான்கு மடங்கு மாறுகிறது. உள்ளே இருக்கும் நீர் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத கணக்கு எனக்குக் கணக்காகத் தெரியவில்லை.

அமுக்கம் கூடினால் பாறை வெடிப்பது மட்டும் அல்ல. பழைய பிளவுகள் வழுக்கி நிலம் நடுங்கவும் கூடும். ஸ்பெயினின் கஸ்டோர் திட்டத்தில் கடலடியில் இயற்கை வாயுவைச் சேமிக்கத் தொடங்கியதும் 2013இல் நூற்றுக்கணக்கான சிறு அதிர்வுகள் ஏற்பட்டு, திட்டமே மூடப்பட்டது. எனவே பிளவுகளைத் தேடிக் குறிப்பதும், அவை எந்தத் திசை அமுக்கத்தில் அசையும் என்று கணிப்பதும் மதிப்பீட்டின் பெரும் பங்கு.

இப்போது ஓய்கார்டனுக்கு வருவோம். அங்கே முதலில் யோசித்த இடம் ஸ்மெயாஹெயா என்று, கரைக்குக் கிட்டியது. 2016ஆம் ஆண்டு ஆய்வில் அது முன்னணியில் நின்றது. ஆனால் பக்கத்தில் ட்ரோல் என்ற பெரிய வாயு வயல் இருக்கிறது. அங்கே பல்லாண்டுகளாக வாயு எடுத்ததால் அயல் பாறைகளிலும் அமுக்கம் குறைந்துவந்தது. அமுக்கம் தொடர்ந்து இறங்கினால் செலுத்தியது எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. அதனால் தெற்கே, மேலும் ஆழத்தில் உள்ள யோஹான்சன் மணற்கல் பக்கம் திரும்பினார்கள். 2019 இறுதியில் ஈயோஸ் என்ற சோதனைக் கிணறு தோண்டத் தொடங்கி, மூடுபாறையிலும் மணற்கல்லிலும் மாதிரி எடுத்து, இரண்டும் எதிர்பார்த்தபடி இருப்பதைக் கண்ட பிறகே முதலீட்டு முடிவு எடுத்தார்கள். 2025 ஓகஸ்டில் முதல் செலுத்தல் நடந்தது. முதற்கட்டக் கொள்ளளவு ஆண்டுக்கு 1.5 மில்லியன் தொன். இது கவனமாகச் செய்த தேர்வு என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஸ்னோவீட்டைப் போல இங்கும் பாறை தன் முழு விடையையும் இனித்தான் சொல்லும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கசிவுக்குப் பாறையைவிடக் கிணறுகளே அதிகம் காரணமாகின்றன. மூடுபாறையை ஊடறுத்து மனிதன் துளைத்த ஒவ்வொரு கிணறும் ஒரு வழி. அதை அடைப்பது சீமெந்தும் உருக்குக் குழாயும். அல்ஜீரியாவின் இன் சாலா திட்டத்தில், செலுத்திய இடத்துக்கு அப்பால் இருந்த ஒரு பழைய ஆய்வுக் கிணற்றின் தலையில் 2007இல் காபனீரொட்சைட்டு கசிந்தது. அத்திட்டப் பகுதியில் நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் வீதம் உயர்ந்ததைச் செய்மதிகள் கண்டுபிடித்தன. கீழே பிளவு திறந்திருக்கலாம் என்ற கவலையால் 2011இல் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் டிகேற்றர் திட்டத்தில், கண்காணிப்பதற்கென்றே தோண்டிய கிணற்றின் உலோகம் அரித்து, திரவத்தில் ஒரு பகுதி அனுமதியில்லாத பாறைப் படைக்குள் போனது 2024இல் தெரியவந்தது. குடிநீர்ப் படைகள் வெகு மேலே இருந்தன, அதனால் அவற்றுக்குக் கேடு இல்லை. ஆனாலும் இந்த இரண்டு சம்பவங்களையும் இலேசாக எடுக்கக் கூடாது. எண்ணெய் எடுத்து முடிந்த வயல்களைச் சேமிப்புக்கு எடுக்கலாம் என்கிறார்கள். மூடி நல்லதென்று அங்கே ஏற்கெனவே தெரியும், உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான பழைய துளைகளும் அங்கேதான் இருக்கும்.

ஒருநாள் மொத்தமாகக் கிளம்புமா என்று கேட்டீர்கள். 1986இல் கமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து ஒரே இரவில் காபனீரொட்சைட்டு பொங்கி, ஏறத்தாழ 1,700 பேர் மூச்சடைத்து இறந்தார்கள். இந்தக் கேள்வியின் பின்னால் அந்தப் படம்தான் பலர் மனதிலும் இருக்கிறது. அங்கே வாயு ஏரி நீரின் அடித்தட்டில் கரைந்து கிடந்தது. நீர் ஒருமுறை புரண்டதும் எல்லாம் சேர்ந்து வெளிவந்துவிட்டது. மணற்கல்லில் அப்படிப் புரள எதுவும் இல்லை. மயிரிழையிலும் மெல்லிய துளைகளினூடாகத்தான் அது நகர முடியும். கசிந்தால் ஒரு கிணற்றின் வழியாகவோ பிளவின் வழியாகவோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். ஓய்கார்டனில் அதற்கு மேலே கடல். கசிவு ஏற்பட்டால் அந்த இடத்துக் கடல்நீர் அமிலமாகி, அடித்தரை உயிர்களுக்குக் கேடு வரலாம். ஊருக்குள் ஆபத்து என்றால் அது கரையில் உள்ள தாங்கிகளிலும் குழாய்களிலும்தான். அவற்றின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

காலம் போகப் போகப் பாதுகாப்புக் கூடுகிறது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். வாயுவில் ஒரு பங்கு துளைகளின் நடுவே துண்டு துண்டாகச் சிக்கி அசையாமல் நின்றுவிடும். இன்னொரு பங்கு உப்புநீரில் கரையும். கரைந்த நீர் கனம் கூடிக் கீழே இறங்கும், மேலே வராது. கடைசியில் ஒரு பங்கு தாதுக்களோடு சேர்ந்து கல்லாகும். மணற்கல்லில் இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்தியில் வேறு விதமாகச் செய்கிறார்கள். காபனீரொட்சைட்டை நீரில் கரைத்து எரிமலைப் பாறையான பசால்ட்டுக்குள் விட்டபோது, 95 வீதத்துக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் கல்லாகிவிட்டது என்று 2016இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 25 தொன் நீர் வேண்டும் என்பது அதன் விலை.

உங்கள் பக்கம் வரும் வாயு பிரேவிக்கில் உள்ள சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்து வருவது. சீமெந்தில் வெளிவரும் காபனீரொட்சைட்டின் பெரும்பங்கு எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே கிளம்புகிறது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை நமது கல்லைச் சுட்டபோதும் அதுதான் நடந்தது. சூளையை மின்சாரத்துக்கு மாற்றினாலும் அது போகாது. அதனால் சீமெந்துக்கு இந்த வழியை நான் மனதார ஆதரிக்கிறேன். நிலக்கரியை எரித்துக்கொண்டே இருப்பதற்கு இதைச் சாட்டாக்கினால் எதிர்ப்பேன்.

திட்டக்காரரிடம் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் இவற்றைக் கேளுங்கள்: அமுக்கம் எந்த எல்லையைத் தொட்டால் நிறுத்துவீர்கள்? நிறுத்தினால் அடுத்த இடம் எது? சுற்றுவட்டாரத்தில் பழைய கிணறுகள் எத்தனை, யார் எப்போது அடைத்தார்கள்? ஒலியலைப் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டுவீர்களா? மூடிய பிறகு எத்தனை ஆண்டு நீங்கள் பொறுப்பு? கடைசிக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு. 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதியை நோர்வேயும் ஏற்றிருக்கிறது. அதன்படி, மூடிய பின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகளாவது நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும். வாயு நிலைத்து நிற்கிறது என்று நிரூபித்த பிறகே பொறுப்பு அரசிடம் போகும். அதற்கு முன்பே கைகழுவ விடும்படி யாராவது பேசினால், நீங்கள் பேர்கனிலிருந்து எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

இலங்கையைப் பொறுத்தவரை, தீவின் பத்தில் ஒன்பது பங்கு பழைய பளிங்குருப் பாறை, துளையே இல்லை. குடாநாட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். மிஞ்சுவது கடல். மன்னார்ப் படுகையில் தடித்த படிவுப் பாறைகள் உண்டு. 2011இல் டொராடோ, பரகூடா என்ற இரு கிணறுகளில் வாயு கிடைத்தது. வாயுவை அடைத்துவைத்திருக்கும் மூடுபாறை அங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் விரல்விட்டு எண்ணத்தக்க கிணறுகளை வைத்துக்கொண்டு ஒரு படுகையை மதிப்பிட முடியாது. வரம்பு எங்கே இருக்கிறது என்று அறிய இன்னும் பல கிணறுகளும், செலுத்திப் பார்க்கும் சோதனைகளும் வேண்டும். அதற்கு முன்பு மன்னாரில் இத்தனை கோடித் தொன் கொள்ளும் என்று யார் எண் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.